பெனடீட்டாவின் பெருக்கும் வாரம்

பெனடீட்டா தண்ணீரைப் படித்தவள். மழை பெய்தால் ஒரு தெருவின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தக் குழாயில் இறங்கும், எங்கே தேங்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் படிப்பு. அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டு மரப்படிக்கட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் அது இரண்டாவது தப்பு. முதலாவதிலிருந்து சொல்ல வேண்டும்.

போர்ச்சுகலில் செத்தூபல் அவள் ஊர். துறைமுகத்தை ஒட்டி, மீன் சுட்டுப் போடும் சின்ன உணவகம் ஒன்றை அவள் அம்மா நடத்துகிறார். ஸ்டுட்கார்ட்டில் வடிகால் வேலைகளுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்து, அக்டோபரில் வந்து இறங்கினாள். இந்த ஊரில் வேலை கிடைத்துவிடும், அறைதான் கிடைக்காது. அவள் இளைஞர் விடுதியில் ஓர் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, அலுவலகம் விட்டதும் அறை அறையாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் மலையேறப் பிடிக்குமா என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் அவளைப் பூனையிடம் காட்டினார்கள். பூனை எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. அத்தோடு அந்த வீடும் போயிற்று.

நவம்பர் நடுவில்தான் என் வீட்டில் ஓர் அறை காலியானது. நான் இல்டிகோ. ஹங்கேரியிலிருந்து இவளைப் போலவே இன்டர்னாக வந்து, அதே இடத்தில் வேலை நிலைத்து, இங்கேயே தங்கிவிட்டவள். வீட்டுக்காரர் ஃபோல்மர் வந்து பெனடீட்டாவைப் பார்த்தார். ஒரு நிபந்தனை போட்டார்.

"டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை வருவேன். கீழ் வீட்டு எபர்லே அம்மாவைக் கேப்பேன். அவங்களுக்கு உங்களால தொந்தரவு இல்லைன்னா மிச்ச மாசமும் இருந்துக்கலாம். இருக்குன்னா வேற இடம் பாத்துக்கணும். அவங்க இந்த வீட்டுல எனக்கு முன்னாடியே இருக்கறவங்க."

வேறு இடம் என்று ஒன்று கிடையாது. கிறிஸ்துமஸ் சந்தைக்கு வரும் கூட்டத்தில் விடுதிக் கட்டில்கூடப் போய்விட்டது. அறை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். இன்டர்ன்ஷிப்பை முடிக்காமல் திரும்பினால் பட்டம் கிடையாது. ஆக, அவளுடைய பட்டம் எபர்லே அம்மாளின் கையில் இருந்தது.

இந்த ஊர் வீடுகளில் படிக்கட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைப்பதில்லை. குடியிருப்பவர்களே முறை வைத்துச் செய்கிறோம். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். எங்கள் படிக்கட்டில் இரண்டே வீடுகள், எபர்லே அம்மாளும் நாங்களும். அதனால் பலகை ஒரு வாரம் கீழே, ஒரு வாரம் மேலே.

பெனடீட்டா வந்த வாரம் பலகை எங்கள் கதவில் இருந்தது. "நிலவறையை நான் பாத்துக்கறேன். படிக்கட்டும் வாசலும் உன்னோடது. பெருக்கிடு" என்றேன். என்றைக்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மழை வந்தால் குடை பிடி என்று யாராவது சொல்வார்களா?

அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டு நுரையோடு ஓடினேன். அதற்குள் எபர்லே அம்மாள் கதவைத் திறந்து நின்றார். தேவாலயத்துக்குப் போகும் உடையில், பின்னால் வாரிக் கட்டிய வெள்ளை முடியோடு. எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் மரியாதையை விடமாட்டார். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டியதே.

"நீங்க என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"சுத்தம் பண்றேன்மா!" என்றாள் பெனடீட்டா, பெருமையாக.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு உங்க ஊர்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே?"

"ஞாயிறு. லீவு. அதான் நிதானமா பண்ணலாம்னு."

எபர்லே அம்மாள் என்னைப் பார்த்தார். என் வாயில் நுரை, கையில் பிரஷ். கதவு மெதுவாக மூடியது. அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை எந்த வேலையும் சத்தமா செய்யக் கூடாதுடி" என்றேன் மேலே வந்து. "பாட்டில்கூடக் குப்பைத் தொட்டியில போடக் கூடாது."

"பெருக்கலைன்னா குத்தம். பெருக்கினாலும் குத்தமா?"

"சனிக்கிழமை பெருக்கணும்."

"அதை அந்தப் பலகையில எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் என்ன செய்வது?

அடுத்த முறை வந்தது. சனிக்கிழமை காலையில் நான் ப்ரெட்சல் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து வாசல் கதவைத் திறந்தால் படிக்கட்டில் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. மேலே பெனடீட்டா. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பம், வாயில் பாட்டு.

"நிறுத்துடி!"

"இன்னைக்குச் சனிக்கிழமைதானே?"

"மரம்டி அது! மெழுகு போட்ட மரம்!"

அவள் குனிந்து படியை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். செத்தூபலில் கடை திறக்கும்போது வாசலில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, மீன் செதிலையெல்லாம் தெருவுக்குத் தள்ளிவிட்டுத்தான் அவள் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். அங்கே படி கல். தெரு சரிவு. சரிவின் முடிவில் கடல். சுத்தம் என்றால் அவளுக்குத் தண்ணீர். தண்ணீர் படாதது சுத்தமே இல்லை. துடைத்தால் அது அழுக்கை இடம் மாற்றுவது.

இங்கே சரிவின் முடிவில் எபர்லே அம்மாளின் கதவு இருந்தது. தண்ணீர் மிதியடியை நனைத்து, கதவுக்குக் கீழே புகுந்து, உள்ளே விரித்திருந்த கம்பளத்தில் போய்த் தங்கியது.

"தண்ணி எங்க போகும்னு கணக்குப் போடறதுதானே உன் வேலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

எபர்லே அம்மாள் கத்தவில்லை. கம்பளத்தைச் சுருட்டி வெளியே வைத்தார். "முந்தாநாள்தான் மெழுகு போட்டேன்" என்றார். "ஃபோல்மர் வரட்டும். அவர்கிட்ட பேசிக்கறேன்."

அன்றைக்கு நாங்கள் இருவரும் அந்தக் கம்பளத்தைக் காயவைத்தோம். படிகளுக்கு மறுபடி மெழுகு போட்டோம். பெனடீட்டா தேய்த்துக்கொண்டே இருந்தாள், திட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மொழியில் திட்டியதால் எனக்குப் புரியவில்லை. எபர்லே அம்மாளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொனிக்கு அகராதி தேவையில்லையே.

"இப்பவே பெட்டியைக் கட்டிடட்டுமா?" என்றாள் முடிவில்.

"இன்னும் ஒரு முறை இருக்கு. அதை ஒழுங்கா பண்ணு. அதுக்கு மறுநாள்தான் அவர் வரார்."

ஒழுங்காகத்தான் செய்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் படிக்கட்டைத் துடைத்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். உலர்ந்த துணி, பிறகு பிழிந்த துணி, மறுபடி உலர்ந்த துணி. கைப்பிடிக் கம்பிகளின் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். எபர்லே அம்மாள் கடைக்குப் போகிறவர் மாதிரி பையோடு வெளியே வந்தார். இறங்கும்போது கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"என்ன அர்த்தம்? பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா சொல்லியிருப்பாங்க. சொல்லலைன்னா இந்த ஊர்ல அதுக்கு மேல பாராட்டு கிடையாது."

பெனடீட்டா என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு எங்கள் கதவிலிருந்த பலகையைக் கழற்றி, ஓடிப்போய் எபர்லே அம்மாளின் கதவில் மாட்டிவிட்டு வந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அப்போதே தலையில் கை வைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் எழுந்தால் ஊரெல்லாம் வெள்ளை. ஜன்னல் ஓரத்தில் பெனடீட்டா காப்பிக் கோப்பையோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் அவள் பார்க்கும் முதல் பனி. கீழே நடைபாதையில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது.

"பனியை அள்ளலையா?" என்றேன்.

"இன்னைக்கு ஞாயிறு." என்னைத் திருத்திவிட்ட திருப்தி அவள் முகத்தில். "கோப்பையைக்கூட சத்தமில்லாம வைக்கறேன் பாரு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அடியே, பனி மட்டும் ஞாயித்துக்கிழமையும் அள்ளணும்! யாராவது விழுந்தா யார் முறையோ அவங்க பொறுப்பு!"

அப்போதுதான் கீழே மண்வெட்டி உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு எபர்லே அம்மாள் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். பாதி நடைபாதை முடிந்துவிட்டது.

பெனடீட்டா இரவு உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால்.

"குடுங்கம்மா, நான் பண்றேன்! இது என் வாரம்!"

"பலகை என் கதவுல இருக்கு" என்றார் எபர்லே அம்மாள், நிமிராமல். "பலகை இருந்தா என் முறை."

"நான்தான் மாட்டினேன். வேலை முடிஞ்சுதேன்னு நேத்தே..."

"வேலை முடிஞ்சா வாரம் முடிஞ்சிடுமா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பலகை மாறும்."

"அப்ப இன்னும் என் வாரம்தானே! குடுங்க!"

"பலகை என் கதவுல!"

"தப்பா மாட்டிட்டேன்!"

"தப்பா மாட்டினாலும் மாட்டினதுதான்!"

ஆளுக்கொரு பக்கம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அள்ளாத பாதி அப்படியே கிடந்தது. அந்தப் பாதி வழியாகத்தான் ஃபோல்மர் வந்தார். ஒரு கையில் கேக் டப்பா. எங்களைப் பார்த்துக் கை தூக்கியவர், தூக்கிய கையோடு சறுக்கி, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டப்பா பனியில் போய் உட்கார்ந்தது.

"யார் முறை இன்னைக்கு?" என்றார் கம்பத்தை விடாமல்.

"என்னோடது!" என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் விளக்க முயலவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"சரி, எனக்கு ஒரு பதில் போதும். எபர்லே அம்மா, இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"குறையா?" எபர்லே அம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை மிஷின் ஓட்டினாங்க. என் கம்பளத்துக்குத் தண்ணி விட்டாங்க. இன்னைக்கு உங்களை விழ வெக்கப் பாத்தாங்க. எதைன்னு சொல்ல?"

பெனடீட்டா மண்வெட்டியை விட்டுவிட்டாள். முகம் பனியைவிட வெளுத்துப்போயிற்று.

"அப்படின்னா அனுப்பிடலாம்" என்றார் ஃபோல்மர்.

"அனுப்பிட்டு?"

"வேற யாராவது வருவாங்க. அறைதான் கிடைக்காது, ஆளா கிடைக்காது? இன்னொரு இன்டர்ன்."

"இன்னொரு இன்டர்ன்!" எபர்லே அம்மாளின் குரல் அன்றைக்குத்தான் முதன்முறையாக உயர்ந்தது. "அவங்களுக்கும் நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா? ஞாயிறு ஒரு தடவை, தண்ணி ஒரு தடவை, பனி ஒரு தடவை? எனக்கு என் கம்பளம் வேண்டாமா? இவங்களுக்குச் சனிக்கிழமை தெரிஞ்சிடுச்சு, மரம் தெரிஞ்சிடுச்சு. கைப்பிடிக்கு அடியில துடைக்கத் தெரிஞ்சிருக்கு, அது உங்களுக்கே தெரியாது. பலகை ஒண்ணுதான் பாக்கி. இருந்துட்டுப் போகட்டும். என்னால இன்னொரு ஆளைத் தாங்க முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மாடி ஏறும் சத்தம் கேட்டது, எங்கள் கதவு வரைக்கும். திரும்பி வந்து, பெனடீட்டா கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்.

"பலகை இப்ப உங்க கதவுல. ஆறு மணி வரைக்கும்."

பெனடீட்டா மீதிப் பாதியை அள்ளினாள். ஃபோல்மர் நசுங்கிய கேக்கை எபர்லே அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் கை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை.

சாயங்காலம் செத்தூபலிலிருந்து அவள் அம்மா அழைத்தார். இவள் கோட்டோடு கதவருகே நின்று, கையில் பலகையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினாள். பேசி முடித்ததும், அம்மா என்ன கேட்டார் என்று கேட்டேன்.

"பனி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அப்புறம், அவ்வளவு படிச்ச பொண்ணு இந்நேரத்துக்கு அங்க என்னதான் பண்றேன்னு."

"என்ன சொன்னே?"

"மணி ஆறு அடிக்கட்டும்னு நிக்கறேன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியலை. எனக்கும்தான்."