ஊதாக் காய்ச்சில்

காட்டுப் பன்றிகளை ராசம்மை அக்காவின் விளைக்குள் வரவழைத்தவன் நான்தான். எழுபது தாண்டிய பிறகு இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெம்பில்லை.

இன்று காலை மகள் வீட்டில் சக்கை வெட்டினார்கள். குழைந்து பழுத்த கூழன் பலா. மணம் மாடிவரை ஏறி வந்தது. எல்லோரும் சுளைக்குக் கை நீட்ட, நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "அப்பாக்கு என்னவாக்கும், ஒரு எடத்துல இருக்க மாட்டாவளா?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. அந்த மணம் எழும்பினால் என்னால் உட்கார முடியாது.

கீரிப்பாறை போகும் வழியில், மலையடிவாரத்தில் எனக்கு ஒரு விளை, கொஞ்சம் தோட்டநிலம், இருந்தது. தாவரவியல் படித்துப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். மண்ணையும் படித்துவிட்டதாக நினைப்பு. மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ராசம்மை அக்காவின் விளை. கணவர் கேரளத்தில் கட்டிட வேலைக்குப் போயிருக்க, அவள் தனியாகவே கொத்திக் கிளைத்து வைத்திருந்தாள்.

பங்குனியில் காட்டில் தண்ணீர் வற்றும், பன்றிகள் இறங்கும். பகல் வேலைக்குக் குரங்குகள். அவற்றை விரட்ட, முடிவெட்டும் கடையில் கூட்டித் தள்ளிய முடியை வாங்கி வந்து வரப்பில் தூவினோம். பழைய சேலைகளை வேலி நெடுகக் கட்டினோம். என் மனைவியின் கல்யாணச் சேலையும் எப்படியோ அதில் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்து அக்கா, "பன்னிக்குப் பயமோ இல்லியோ சாரே, இன்னைக்கு வீட்டுக்குப் போவ ஒமக்குப் பயம் வேணும்" என்றாள். அப்படியே ஆனது. அது வேறு கதை.

என் விளையின் மூலையில் ஒரு கூழன் மரம். விழுந்து சிதறிய பழத்தின் மணத்துக்குத்தான் பன்றிகள் வருகின்றன, வந்த கையோடு மரச்சீனியைத் தோண்டுகின்றன என்று கண்டுபிடித்தேன். மணத்தை இடம் மாற்றினால் போதுமே! அந்தி மங்கியதும் அழுகிய சக்கையை ஓலைக் கடவத்தில் வாரி, ஓடை தாண்டி அக்காவின் வரப்பில் கொட்டினேன். அந்த வாரம் முழுக்கக் கொட்டினேன்.

என் மரச்சீனி தப்பியது. அக்கா மாசியில் நட்ட காய்ச்சில் கிழங்கு தப்பவில்லை. அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வித்து. அவித்தால் உள்ளே ஊதா நிறத்தில் இருக்கும். காந்தாரி மிளகுத் துவையலோடு வாழையிலையில் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அந்த இனம் வேறு யாரிடமும் இல்லை. ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா என்று அவள் குழிகளை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். நானும் கூடக் குனிந்து தேடினேன். செய்ததிலேயே கேவலம் அதுதான்.

"எவனோ சக்கையக் கொண்டு தட்டியிருக்கான், சாரே."

"கொரங்கு இழுத்துப் போட்டிருக்கும்" என்றேன்.

அடுத்த மாசிவரைதான் தாங்க முடிந்தது. சந்தை சந்தையாக அலைந்து, கடைசியில் கிடைத்த காய்ச்சில் வித்தோடு அவள் முற்றத்தில் போய் நின்றேன்.

"அந்தக் கொரங்கு நாந்தான், அக்கா."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெள்ளையா?"

"ஆமா. ஊதா எங்கயும் கிடைக்கல்ல."

"செரி, அங்க வச்சிட்டுப் போவும்."

பங்குனியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் என் மரச்சீனி முழுவதும் மூட்டோடு புரண்டு கிடந்தது. இடையிடையே சக்கை மடல்கள். அந்த ஆண்டு என் மரம் காய்க்கவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கொரங்கு வந்துதா, சாரே?"

"வந்துது, அக்கா."

அன்று மத்தியானம் அவள் வீட்டிலிருந்து அவித்த சக்கை வந்தது. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

இப்போது இரண்டு விளையிலும் ரப்பர். பன்றிகள் அங்கே நிற்காமல் கடந்து போகின்றனவாம். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு மட்டும், சந்தையில் காய்ச்சிலைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கிறேன். இன்று காலை நடையும் அங்கேதான் போய் முடிந்தது.

"வாங்கல்லேன்னா எதுக்குப் பாட்டா நோண்டுதீரு?" என்று கடைக்காரி கத்தினாள்.

வெள்ளைதான்.