கேட்டால் மட்டும் சொல்லும் நோயாளி

துணிக்கடையில் எல்லோருக்கும் அவள் ‘செக்கிங் அக்கா’. பெண்கள் உடை போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில், ஒரு ஸ்டூலில், இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். உள்ளே எத்தனை உருப்படி போகிறது, வெளியே எத்தனை வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. யாரையும் முறைக்க மாட்டாள், யாரிடமும் சிரிக்கவும் மாட்டாள். போகும்போது ஒட்டியிருந்த கைப்பை திரும்பும்போது புடைத்திருந்தால், “உள்ள ஒண்ணு மாறிப் போயிடுச்சு போல, பாருங்கம்மா” என்பாள், அவ்வளவுதான். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவள். அந்தச் சந்தேகத்தை வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்ட அவளுக்கு ஒரு கொக்கி கிடைக்கவில்லை.

கடைக்குக் காமிரா வந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள்.

கடைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த ஒரு டாக்டரம்மா ஒருநாள் காய்கறிக் கடையில் அவளைப் பிடித்துக்கொண்டார். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுப்பவர்.

“அக்கா, நோயாளியா நடிக்க வருவீங்களா?”

“எனக்கு என்ன வியாதின்னு முடிவு பண்ணியிருக்கீங்க?”

“பாத்தீங்களா, இந்த முகம்தான் வேணும். எதுவுமே தெரியல!” என்று சிரித்தார் டாக்டரம்மா. “இத்தனை நாளா நான் ஒரு ரூம்ல மருந்து சொல்லுவேன். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு இன்னொருத்தர் வேற ரூம்ல சொல்லுவார். வியாதிய மூணாவது ஆள் வார்டுல காட்டுவார். பசங்க மூணையும் மூணு டப்பாவுல போட்டு மூடி வெச்சுக்கறாங்க. நோயாளி முழு ஆளா வந்து எதிர்ல உக்காந்தா, எந்த டப்பாவத் தெறக்கறதுன்னு முழிக்கறாங்க. அதான், இனிமே மூணு பேரும் ஒரே ரூம்ல, ஒரே நோயாளிய வெச்சு, சேந்து நடத்தப் போறோம்.”

இதில் என்ன வில்லங்கம் இருக்கும் என்று நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் அவள் சம்மதித்தாள்.

அவளுக்குக் கொடுத்த வியாதி சுலபம். ரத்த அழுத்தத்துக்கு ஒழுங்காக மாத்திரை போடுகிற பெண்மணி. ஆனாலும் அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது. முட்டிவலிக்கு யாரோ சொன்ன வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறாள். அதை மட்டும் அவளாகச் சொல்லக் கூடாது. “வேற மாத்திரை ஏதாவது போடறீங்களான்னு அவங்க வாயால கேக்கணும். கேக்கலன்னா, தலையே போனாலும் மூச்சு விடாதீங்க” என்றார் டாக்டரம்மா. மூச்சு விடாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

வீட்டுக் கூடத்தில் அவள் நொண்டி நடந்து பழகுவதை லிப்ட் மெக்கானிக்கான கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார்.

“நெசமாவே நடிப்புதானா? இல்ல, நடிப்புன்னு என்கிட்ட சொல்லிட்டு வைத்தியம் பாத்துக்கறியா?”

“எனக்கு வியாதி வந்தா ஊரையே கூட்டிட மாட்டேன்? மறைக்கறதுக்கு நான் என்ன நீங்களா?”

“நான் என்னத்த மறைச்சேன்?” என்றவர் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். அந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே அவர் போக்கு சரியில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே காலுறையை உருவி எறிகிற மனுஷன், இப்போது சாப்பிடும்போதும் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து வெள்ளித்தாளின் ஒரு மூலை வந்தது. “மிட்டாய்” என்றார். இனிப்பென்றால் முகம் சுளிக்கிறவருக்கு என்ன மிட்டாய்? சிகரெட்டா, வேறு ஏதாவதா என்று அவள் மனம் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது.

கல்லூரியில் முதல் வகுப்பு. மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆசிரியர்களும் பின்னால் ஒரே பெஞ்சில், சம்பந்தி வீட்டார் மாதிரி இடைவெளி விட்டு. மாணவர்கள் அவளிடம் உப்பைக் கேட்டார்கள், தூக்கத்தைக் கேட்டார்கள், மாத்திரை வேளை தவறுகிறதா என்று கேட்டார்கள். வேறு மாத்திரையை யாரும் கேட்கவில்லை. ஒரு குழு அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்த்தது. இன்னொரு குழு வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்றைச் சேர்த்தது.

“இப்ப நோயாளி சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

சொன்னாள். வகுப்பு ‘ஐயோ’ என்றது. கிட்னி ஆசிரியர் எழுந்து, கிட்னிக்கு ரத்தம் போகிற வழியைப் பலகையில் வரைந்தார். அந்த வழியை வலி மாத்திரை எங்கே நெரிக்கிறது, உப்பும் நீரும் ஏன் தேங்குகின்றன, அழுத்த மாத்திரை ஏன் தோற்கிறது என்று டாக்டரம்மா அதே படத்தின் மேலேயே எழுதினார். வார்டு ஆசிரியர் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, “வீக்கம் இருந்தா இங்க குழி விழும்” என்று காட்டினார். “ஒரு மருந்து செஞ்ச கோளாறைப் புது வியாதின்னு நெனச்சு, அதுக்கு இன்னொரு மருந்து குடுத்தீங்க” என்றார் டாக்டரம்மா. “இப்படியே போனா கிட்னிதான் பில்லக் கட்டும்.”

அவள் நினைப்பில் ஓடியது கணவரின் காலுறை மட்டும்தான்.

ஞாயிறு மதியம் அவர் அசந்து தூங்கும்போது காலுறையை மெல்ல இறக்கினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, எடுத்த பிறகும் மேலே வரவில்லை. நேராகப் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பானர்களுக்கு அடியில் வலி மாத்திரை அட்டைகள், பாதி காலி.

உடனே எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் கடைப் பழக்கம் விடவில்லை. பொருள் உள்ளே இருக்கும்போது கேட்டால் இல்லையென்று சாதிப்பார்கள். வாசலுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். அவரும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்தான்; மறுநாளே அழுத்தம் பார்க்க டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. அதுதான் வாசல் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் இளைஞர், நல்ல மாதிரி. வெளியே கூட்டம் இருமிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறியிருந்தது.

“மாத்திரை ஒழுங்கா போடறாரா?”

“நான்தான் கையில குடுக்கறேன்” என்றாள்.

“உப்பு?”

“கொறைச்சுதான்.”

அடுத்த கேள்விக்காக முகத்தைத் துடைத்த தட்டுப்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அடுத்த கேள்வி வரவில்லை. டாக்டர் அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையும், வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்றும் சேர்த்து எழுதினார். இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

மருந்துக் கடைக்காரர் இரண்டு அட்டைகளையும் கவரில் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதே இரண்டு மருந்துகள், வகுப்பில் அந்தப் பிள்ளைகள் சேர்த்த அதே வரிசை. அவர்கள் கேட்காததால் அவள் வாயை மூடியிருந்தாள். இங்கேயும் யாரும் கேட்காததால் வாயை மூடியிருக்கிறாள். அங்கே வீங்காத கால். இங்கே அவள் விரல் பதிந்த கால்.

“அடி பாவி” என்று தன்னையே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

“எங்க போற? ஏய், டோக்கன் இல்லாம உள்ள விடமாட்டாங்க!”

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே வேறொரு நோயாளி நாக்கை நீட்டியிருந்தார்.

“டாக்டர், நீங்க கேக்கல, நானும் சொல்லல. இவரு தெனமும் வலி மாத்திரை போடறாரு. எனக்கே மறைச்சு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் வந்து நின்ற கணவரைப் பார்த்தார். “எத்தன நாளா?”

“அது... படியேறி எறங்கற வேலைங்க. முட்டி போச்சுன்னு தெரிஞ்சா கம்பெனியில வாட்ச்மேனா கேட்டுல உக்கார வெச்சிருவாங்க” என்றார் கணவர். அவளைப் பார்க்கவில்லை.

“கேட்டுல உக்கார்றதா, டயாலிசிஸ்ல படுக்கறதான்னு நீங்களே சொல்லுங்க.” எழுதிய சீட்டை வாங்கிக் கிழித்தார் டாக்டர். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். “முதல்லயே நான் கேட்டிருக்கணும்” என்று தனக்குத்தானே சொல்வதுபோல முனகினார்.

பஸ்ஸில் கணவர் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தார். இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

“கட்டின புருஷன் பெட்டியத் தொறந்து பாக்கறதும் ஒரு பொழப்பா?”

“நீங்க மறைச்சதுக்குப் பேர் என்ன?”

“உன்ன மாதிரி போலீஸ்காரி வீட்டுல இருந்தா மறைக்காம என்ன செய்ய?”

அவள் நடையை எட்டிப் போட்டாள். கோபமும் வந்தது, கொஞ்சம் நியாயமாகவும் பட்டது.

கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது தேறியிருந்தது. கால் வடிந்திருந்தது, அழுத்தமும் பழைய மாத்திரைக்கே இறங்கியிருந்தது. கம்பெனி அவரைக் கேட்டில் உட்கார வைக்கவில்லை. புது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தது. அதுவும் அவமானம்தான் என்று ஒரு வாரம் உறுமினார்.

டாக்டர் முடிவுகளைப் படித்துவிட்டு, இந்த முறை நாற்காலியை அவர் பக்கமே திருப்பிக்கொண்டு கேட்டார்.

“வேற எதுவும் சாப்பிடறதில்லையே? கடையில வாங்கினது, தெரிஞ்சவங்க குடுத்தது?”

“சேச்சே, ஒண்ணுமில்ல” என்றாள் அவள் முந்திக்கொண்டு. வீடு முழுக்க அலசிப் பார்த்தவள் அவள்.

கணவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு மூலிகைப் பொடி போடறேன் டாக்டர். முட்டிக்கு. கூட வேலை பாக்கறவன் குடுத்தான்.”

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

“அதை எங்க வெச்சிருக்கீங்க?”

“டாக்டர் கேட்டார், டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றார் அவர், டாக்டரைப் பார்த்தபடியே. “நாளைக்கு எடுத்துட்டு வந்து காட்டறேன் டாக்டர். இவ இல்லாம.”