விண்ணப்பத்தின் முதல் வரி

எங்கள் வீட்டில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியது நான், வரிசை போட்டது அம்மா. நோர்வேயில் எல்லாப் படிப்புக்கும் ஒரே விண்ணப்பம்தான். விரும்புகிறவற்றை ஒன்று, இரண்டு என்று அடுக்க வேண்டும். முதலாவது மருத்துவம் என்றார் அம்மா. நான் கேட்ட ஆய்வுகூடப் படிப்பைக் கடைசியில் போடவிட்டார். "ரத்தம் சோதிக்கிறதுக்கோ இவ்வளவு படிச்சனி?"

அந்த வசந்தத்தில் அவருடைய ரத்தத்தைத்தான் ஆஸ்பத்திரியில் மாறி மாறிச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்கள். அம்மா ஒரேயடியாக மறுத்தார். ஒஸ்லோவில் அப்படி வருகிறவர் அடுத்த கிழமை கோயிலிலோ கலியாண வீட்டிலோ எதிரில் நிற்பார். "எங்கடை சங்கதி சனம் முழுக்கத் தெரியவேணுமோ? பிள்ளை சொல்லுவாள்."

அன்றைக்கு ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அப்பா என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "என்ன சொன்னாலும் அம்மாவுக்கு அப்பிடியே சொல்லிப்போடாதை. மனுசி உடைஞ்சுபோம்."

டொக்டரிடம் அம்மா கேட்கச் சொன்னது ஒன்றுதான்: பதினாறு வருடமாகக் காணாத தன் தங்கையைப் பார்க்க யாழ்ப்பாணம் போகலாமா? டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். மருந்துக்கு நோய் கேட்கவில்லை, இனிச் சில மாதங்கள்தான். போவதென்றால் இந்த மாதமே போகவேண்டும், பிறகு உடம்பு இடம் கொடாது.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ரத்தம் கொஞ்சம் குறைவாம். மருந்து எடுத்துப்போட்டு கோடையிலை போகலாமாம்," என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை. அம்மா சிரித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் டொக்டருக்கு நன்றி சொன்னார். டொக்டர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன்.

அன்றே விண்ணப்பத்தைத் திறந்து மருத்துவத்தை அழித்தேன். ஆய்வுகூடப் படிப்பு முதலாவதானது. அங்கே ரத்தம் குழாயில் வரும், முகம் வராது. முடிவை எழுதி அனுப்பினால் போதும், அதைச் சொல்கிற வேலை வேறு யாருடையதோ. பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை.

கோடை வந்தபோது அம்மாவால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. தங்கைக்கென்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவர் வாங்கிய கைப்பை அலுமாரியில் கிடந்தது. ஜூலையில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது.

"டொக்டர் படிப்போ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"நல்லது. எனக்குச் சொன்னமாதிரி, வாற சனத்துக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லு."