நான் கேட்காத பெயர்

அறுபதுகளில் ஒரு கோடையில் அனகாபுத்தூரின் பழைய தெரு ஒன்று தீப்பிடித்தது. நெருக்கியடித்து நின்ற கூரைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் வாத்தியார் என்பதால், சர்க்கார் புது வீடு கட்டித் தருவதற்காக வீடிழந்தவர்கள் பட்டியலை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

ரசீது, பத்திரம் எல்லாம் சாம்பல். எது யார் வீடென்று காட்ட, வாசல் வாசலாகக் கீரை விற்ற கன்னியம்மாதான் கூட நடந்தாள்.

"இது தறிக்காரரு வூடு சார். அவரு அக்காவும் இங்கதான் கீது, எழுதிக்குங்க."

இரண்டு நாள் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மறுவருஷம் அங்கே அகலமான தெரு வந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள், கதவுக்குக் கதவு நம்பர். கன்னியம்மாவை மட்டும் காணோம். பல்லாவரம் சந்தையில்தான் பார்த்தேன்.

"உனக்கு எந்த நம்பர் வீடும்மா?"

"எனக்கு ஏது சார் வூடு? கடைசி குடிசை என்னுது. எழுதுற சாருக்குத் தெரியும்னு இருந்துட்டேன். நீங்க கேக்கவே இல்லியே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்.

ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். பட்டியல் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

வீடு வாங்கித் தந்த வாத்தியார் என்று அந்தத் தெருவே எனக்குக் கும்பிடு போடுகிறது. நான் சுற்றுவழியில்தான் போகிறேன்.