முப்பத்தொன்பது டிகிரிக் குளிர்

எங்கள் ஊரில் பாலும் மண்ணெண்ணெயும் லிட்டருக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. துணிக்கு மீட்டர், அரிசிக்குக் கிலோ. ஆனால் நிலம் இன்னும் சென்ட்தான், நகை பவுன்தான், மாப்பிள்ளையின் உயரம் அடியும் அங்குலமும்தான். இந்தக் கலப்படக் கணக்கால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் வந்தது. நான்காம் வகுப்பு படிக்கும்போது இந்தக் கணக்கில் நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள்.

அப்போது நாங்கள் இராஜாக்கமங்கலத்தில் இருந்தோம். அப்பா சவுதியில். எனக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். அப்பா போனில், "பிள்ளைக்கு எவ்வளவு சூடு இருக்கு?" என்பார். அம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சூடு இருக்கு" என்பாள். நல்ல சூடு என்றால் எவ்வளவு என்று அவர் மறுபடி கேட்பார். அம்மா மறுபடியும் என் நெற்றியில் கையை வைப்பாள், அங்கே அப்பாவுக்கு உறக்கம் இருக்காது. கடைசியில் லீவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தனுப்பினார். கக்கத்தில் வைத்தால் கீக் கீக் என்று கத்திவிட்டு எண்ணைக் காட்டும். அம்மா அதை அலமாரியில் அத்தர் குப்பிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். கல்ஃபிலிருந்து வந்த பொருள் பிழை செய்யும் என்று நினைக்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

அது வெளியே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. முந்தின நாள் டாக்டர் தந்த மருந்துக்குக் காய்ச்சல் மசியவில்லை. மத்தியானம் எனக்கு நடுக்கம் எடுத்தது, பல்லெல்லாம் கிடுகிடுத்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் மகளும் கூட வந்தாள். அம்மா கருவியை என் கக்கத்தில் வைத்தாள். அது கத்தியதும் அத்தை மகள் எடுத்து வாசித்தாள்.

"முப்பத்தொம்பது."

காய்ச்சல் என்றால் நூற்றொன்று, நூற்றிரண்டு. இல்லையென்றால் தொண்ணூற்றெட்டு. எங்கள் டாக்டர் சொல்கிற கணக்கு அவ்வளவுதான். முப்பத்தொன்பது என்று எந்த மனிதருக்கும் இருந்து யாரும் கேட்டதில்லை.

"பாதி கூட இல்லியே," என்றாள் அத்தை. "பிள்ளைக்க உயிர்ச்சூடு எறங்குகுடீ."

அம்மா என் நெற்றியில் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மைனி, கை வைக்க முடியல்ல, தீயாட்டு சுடுகு."

"அது மேல் சூடு. உள்ள குளுந்து போச்சு. மிஷினு பொய் சொல்லுமா? பாரு, பிள்ளை எப்பிடி நடுங்குகுன்னு."

அம்மா அதைத் தன் கக்கத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அந்த வேளையில் அது யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னல்களை அடைத்தார்கள். அத்தை உள்ளங்காலில் சுக்குப்பொடியைப் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்தாள். அப்பா கொண்டுவந்த, புலிப் படம் போட்ட கம்பளியை என் மேல் போட்டு, அதன் மேல் இன்னொன்றையும் போட்டார்கள். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பியிருந்தது. மழையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று எனக்கு எரியத் தொடங்கியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்பளியைத் தள்ளவேண்டும் போல இருந்தது. ஆனாலும் தள்ளவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அப்படி ஒரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை. நான் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை என்று நினைத்தேன். வெந்துகொண்டே, இன்னும் சூடாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கருவி மறுபடி கத்தியது. "முப்பத்தொம்பது புள்ளி ஆறு" என்றாள் அத்தை மகள்.

"ஏறுகு மக்கா, ஏறுகு!" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டுக்கு இன்னும் எவ்வளவு என்று நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விடை வரவில்லை. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அடுத்த முறை நாற்பது வந்தபோது அம்மாவே சிரித்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. அம்மா எடுத்தவுடன், அவர் கேட்கும் முன்பே, தனக்குத் தெரிந்த அந்த எண்ணைச் சொன்னாள். "பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல, இப்ப நாப்பதுக்கு வந்தாச்சு. கம்பிளி போட்டு மூடியிருக்கு, இன்னும் ஏறும்."

அப்பாவின் குரல் கட்டில் வரை கேட்டது.

"ஏட்டி, கம்பிளிய எடுத்து மாத்து! அது இங்கத்த கணக்குட்டி! இங்கத்த நாப்பதுன்னா நம்ம ஊருல நூத்திநாலு! பிள்ளைக்க மேல தண்ணியத் தொட்டுப் போடு!"

அதற்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. புலி தரையில் கிடந்தது. ஜன்னல் திறந்து மழைக்காற்று வந்தது. ஈரத்துணியால் என்னைத் துடைத்துக்கொண்டே அம்மா அழுதாள். யாருடைய காரிலோ நாகர்கோவிலுக்குப் போனோம். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தை அத்தை மகள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அரைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாளாம். அது காய்ச்சலுக்கும் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அப்பா கூப்பிட்டார். அம்மா பழக்கத்தில் அலமாரிச் சாவியைத் தேடினாள்.

"அது வேண்டாம்," என்றார் அப்பா. "நீ கைய வச்சுப் பாரு. ஒனக்க கைக்கு எப்படி இருக்கு?"

அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் நெற்றியில் கையை வைத்தாள். "சூடு இல்ல. நல்லா குளுந்திருக்கு."

"எடுக்காத. கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சிட்டிரி."

அம்மா கையை எடுக்கவில்லை. போனிலிருந்து வெறும் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. சூடுதான் இல்லையே, இன்னும் எதற்கு என்று எனக்குப் பொறுமை போயிற்று. வெளியே அத்தை மகள் என்னை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அம்மாவின் கை மேலும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடினேன்.