கடலுக்குள் ஒரு தட பாத்தியம்

போன மாதம் ஒரு நாள் முற்பகல் கிணத்துக்கடவில் எங்கள் தோப்பில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து குலை விழுகிற நேரத்தில் யாரும் கைபேசியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் தோப்புச் சட்டம். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை வரப்போரம் ஒதுங்கி நின்று எடுத்தேன். தென்கடற்கரையிலிருந்து அந்தோணி பேசினார். வள்ளத்துக்காரர், அவருடைய ஊர் மீனவர் கமிட்டிக்குத் தலைவர். "சார், நம்ம சுலைகாக்கா போயிட்டாங்க சார். காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவங்க, அப்படியே சாஞ்சுட்டாங்களாம்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் நடந்த சாவு, முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கிற எனக்கு, தெற்கே கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறதே என்று. அப்புறம்தான் விவரம் தெரிந்தது. சுலைகாவின் மகன் அம்மாவின் கைபேசியைத் திறந்திருக்கிறான். கடைசியாக அவர் பேசியது 'கடல் அந்தோணி' என்ற எண்ணுடன். பையன் முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறான். அந்தோணி சொன்னார்: "நாளைக்கு எங்க ஊர்ல ஒரு வள்ளமும் இறங்காது சார். ஊர்ல ஒரு ஆள் செத்தா எப்படியோ அப்படித்தான்."

சுலைகா பேகத்தோடு வேலை பார்த்தவர்களும் அந்தக் கடற்கரைக்காரர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அழுது வடிந்து எழுதினால் சுலைகாவே எழுந்து வந்து திட்டுவார். அவர் ஜெயித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். உங்களில் பலருக்கு அது தெரியும். ஆனால் அதில் ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் போடுகிறேன்.

கடலே இல்லாத ஊரில் கடல் அலுவலகம் என்றால் யார் நம்புவார்கள்? காற்றாலை தெரிந்த பொறியாளர்கள் கோயம்புத்தூரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், பல்லடத்திலிருந்து உடுமலை வரை இறக்கை சுற்றுவது நம் கண் முன்னால்தான் என்பதால், கடலுக்குள் காற்றாலை நிறுத்துகிற வேலைக்கான அரசுப் பிரிவு ஒன்றை இங்கேயே வைத்தார்கள். பெயர்ப்பலகை மாட்டிய அன்றே கீழே டீக்கடைக்காரர் மேலே ஏறி வந்து, "ஏனுங்க, கடல்னு போட்டிருக்குதே, உக்கடம் குளத்தைச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது, எந்தக் கட்டத்தில் காற்று நிலைத்து வீசுகிறது, அடியில் மணலா பாறையா, மீன் எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று பார்ப்பது, நிறுவனங்களுக்குக் குத்தகை விட வரைபடம் போடுவது, இதுதான் எங்கள் வேலை. சுலைகாவும் நானும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். எதிரெதிர் மேசை. இதில் வேடிக்கை என்னவென்றால், கடலை ஆளப் போன அந்த அம்மணிக்குப் படகே ஆகாது. உக்கடம் குளத்துப் படகுச் சவாரிக்கே எலுமிச்சம்பழம் கொண்டுபோகிற ஆள்.

முதல் கட்டத்தின் வரைபடத்தை நான் போட்டு முடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பளிச்சென்று நீலம், நான்கு பக்கமும் கோடு, உள்ளே தூண்கள் நிற்க வேண்டிய புள்ளிகள். எனக்கு ஒரே பெருமை. சுலைகா குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ள யாரு போறாங்க, வர்றாங்கன்னு போடலீங்களே?"

"அது கடலுங்க. காலியாத்தானே கெடக்குது."

"செரி, உங்க தோப்புக்கு எந்த வழியாப் போறீங்க?"

"பெரியப்பன் காட்டு வழியா."

"நாளைக்கு அவங்க அந்தப் பூமியை வித்துப்போட்டா?"

"விக்கட்டுமே! பத்திரத்துல தடம் இருக்குது. எவன் வந்து மறிச்சுப்போடுவான், பாத்தர்றேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பெரியப்பன் வீட்டோடு அந்தத் தடத்துக்காக எங்கள் அப்பா ஏழு வருடம் பேசாமல் இருந்தவர். எனக்கு ரத்தம் கொதிக்காதா?

சுலைகா சிரித்துக்கொண்டே, "இதே கோவம் கடல்காரங்களுக்கும் வருமில்லீங்க?" என்றார். 

அவருடைய அத்தா கோயம்புத்தூரில் பத்திரம் எழுதியவர். சுலைகா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டுவாராம். நம் பக்கத்துப் பத்திரங்களில் நான்கெல்லை சொன்ன பிறகு ஒரு வரி வரும்: 'மேற்படி பூமிக்குப் போகவர மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்.' நிலம் கைமாறினாலும் வழக்கமாய்ப் போய்வந்த வழியின் உரிமை மாறாது என்பது அதன் பொருள். "கடலுக்குப் பட்டா இல்லீங்க, பழனிச்சாமி. பட்டா இல்லைன்னா பாத்தியமும் இல்லைன்னு ஆயிருமா?" என்று சுலைகா கேட்பார். கடலில் ஒரு தூண் நின்றால் அதைச் சுற்றி யாரும் நெருங்கக் கூடாது என்று வட்டம் போட்டுவிடுவார்கள். அப்படி வரிசையாகத் தூண்கள் நின்றால் அந்தோணியின் ஊர்க்காரர்கள் மீன் இருக்கிற இடத்துக்குப் போக வழியே இருக்காது. வழி போனால் பிழைப்பு போயிற்று. தூண் இறங்குவதற்கு முன்னால், காகிதத்திலேயே அந்தத் தடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சுலைகா பிடிவாதமாக நின்றார்.

எங்கள் தலைமை அதிகாரி, "கடல்ல வண்டித்தடமா? மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க மேடம்" என்றார். "சிரிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதுங்க சார்" என்றார் சுலைகா. எப்படியோ சம்மதம் வாங்கினார். தை பிறந்த கையோடு அலுவலகத்திலிருந்து கடற்கரைக்குப் போய், வள்ளம் போகும் வழியை அளந்து, கட்டத்தின் நடுவே நேராக ஒரு கோடும் போட்டாயிற்று. வரைபடத்தில் சுலைகா கையெழுத்திட்டார். குத்தகை அறிவிப்புக்குக் கோப்பு தயார். மீனவர்களிடம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் மட்டும் பாக்கி.

கூட்டம் அவர்கள் ஊர் மாதா கோவிலுக்கு எதிரே பந்தலில் நடந்தது. எங்கள் ஆட்கள், நிறுவனத்துக்காரர்கள், எதிரே ஊர் முழுவதும். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தோம். அந்தோணி எழுந்து வந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"மேடம், இந்தக் கோடு வாடைக் காத்துக்குச் சரி. கச்சான் அடிக்கையில நாங்க எங்க போவோம்?"

அவரே விளக்கினார். வடக்கேயிருந்து வாடை வீசும் மாதங்களில் ஒரு வழி. மேற்கேயிருந்து கச்சான் வீசும் மாதங்களில் நீரோட்டம் வலையைக் கிழக்கே இழுக்கும். வலையோடு வள்ளமும் போகும். அப்போது திரும்பி வருகிற வழி வேறு. அந்த வழி நெடுகத் தூண்களின் புள்ளிகள். "வலை தூண்ல சுத்துனா வலையும் போச்சு, ஆளும் போச்சு" என்றார்.

எங்கள் ஊரில் தடம் என்றால் தடம்தான். மழையோ வெயிலோ, அது எழுந்து பக்கத்துக் காட்டுக்குப் போய்விடாது. வருடத்துக்கு இரண்டு தடம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கடற்கரையில் பிறந்த எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

சுலைகா எழுந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த வரைபடத்திலேயே அந்தக் கோட்டின் மேல் ஒரே ஒரு அடி அடித்தார். பத்திரத்தில் தப்பு வந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. கீழே எழுதியது தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'அடித்தல் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "இது என்ற தப்புங்க. உங்களை முழுசாக் கேக்காம வரைஞ்சுபோட்டேன். இந்தக் கோப்பு இப்படியே போகாதுங்க."

தலைமை அதிகாரி காதோரம் வந்து, "என்ன மேடம் பண்ணிட்டீங்க? இனிமே எல்லாம் முதல்லேருந்து வரணும்" என்றார். "வரட்டுங்க சார்" என்றார் சுலைகா. அரசு அதிகாரி ஒருவர் தங்கள் முன்னால் நின்று தன் தப்பு என்று சொன்னதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்தோணிதான், "அப்போ ஆனியில வாங்க மேடம். கச்சான்ல கூட்டிட்டுப் போறேன். வயிறு தாங்குமா?" என்று கேட்டார்.

வயிறு தாங்கவில்லை. ஆனாலும் போனார். நானும் கூடப் போனேன். ஒரு கையில் அளக்கும் கருவி, மறு கையில் எலுமிச்சம்பழம். கரையை விட்டதுமே வாந்தி. "திரும்பிரலாமா அக்கா?" என்று அந்தோணி கேட்டபோதெல்லாம், "நீங்க ஓட்டுங்க, நா எடுத்துக்கறேன்" என்றார். வாந்தி எடுப்பதைச் சொன்னாரா, அளவு எடுப்பதைச் சொன்னாரா என்று நாங்கள் பிறகு பல நாள் கேலி செய்திருக்கிறோம். மேடம் அக்காவாக மாறியது அந்த வள்ளத்தில்தான். கரைக்கு வந்து மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, "எத்தனை அழகாப் போகுதுங்க இந்தத் தடம்!" என்றார். முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் சிரித்தது.

நிறுவனத்துக்காரர்கள் விடுவார்களா? இரண்டு தடம் விட்டால் தூண்களுக்கு இடம் போதாது என்று குதித்தார்கள். அங்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. தென்னையைச் சதுரமாக நடுவதைவிட முக்கோணமாக நட்டால் அதே பூமியில் கூடுதல் மரம் நிற்கும். எங்கள் தோப்பே அப்படித்தான். தூண்களையும் அப்படி வைத்துப் பார்க்கலாமே என்றேன். அவர்கள் கணினியில் காற்றின் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு தடமும் திறந்திருந்தது, ஒரு தூணும் குறையவில்லை! அடுத்த கூட்டத்தில் ஊர் முன்னால் சுலைகா என்னை எழுப்பி நிறுத்தி, "இது பழனிச்சாமி யோசனைங்க" என்றார். ஊரே கை தட்டியது.

குத்தகைப் பத்திரத்தின் வாசகம் மேலேயிருந்து கையெழுத்தாகி வந்த நாளில், சுலைகா அதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். நான்கெல்லை. அதற்குப் பிறகு: 'மீனவர்கள் வாடையிலும் கச்சானிலும் போகவர உள்ள மாமூல் தட பாத்தியத்துக்கு உட்பட்டு.' நான் மேசையைத் தட்டினேன், விசிலே அடித்துவிட்டேன். கீழேயிருந்து டீக்கடைக்காரர் ஓடிவந்து, "என்னாச்சுங்க, குளத்துல கப்பல் வந்துருச்சுங்களா?" என்றார். அந்தக் கட்டத்தில் முதல் தூண் இன்னும் இறங்கவில்லை. என்றைக்கு இறங்கினாலும், யார் இறக்கினாலும், தடம் அவர்களுக்கு முன்பே அங்கே இருக்கிறது. அடுத்தடுத்த கட்டங்களின் வரைபடங்களிலும் இப்போது அந்த வரி போகிறது.

அடக்கத்துக்கு அந்தோணியும் ஊர்க்காரர்களும் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். பள்ளிவாசலுக்கு ஜனாஸா புறப்பட்டபோது அந்தோணி தயங்கி நின்றார். சுலைகாவின் மகன், "வாங்க மாமா, தோள் குடுங்க" என்றான். பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய ஒவ்வொருவரும் பந்தல் கதையைச் சொன்னார்கள். தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட அதிகாரி என்று புகழ்ந்தார்கள். நான் எழுந்து பேசாமல் வந்துவிட்டேன்.

ஏனென்றால் அது அவருடைய தப்பு இல்லை. தை மாதம் அளக்கப் போனவன் நான். அந்தோணி அன்றைக்கே, "கச்சான் வழியையும் பாத்துட்டுப் போங்க சார்" என்றார். ஆனைமலையில் மாசாணியம்மன் குண்டத்துத் தீமிதிக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், "தடம்னா ஒண்ணுதானுங்களே" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறியவன் நான். கோட்டைப் போட்டவனும் நான்தான். பந்தலில் அந்தோணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சுலைகாவும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் 'தப்பு'க்காக அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்ததும் நான்தான். வெட்கக்கேடு!

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "கையெழுத்துப் போட்டது நானுங்க. கை போட்டவங்கதான் பொறுப்புன்னு எங்கத்தா சொல்லுவாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "அடித்தலுக்கு நா போட்ட கையெழுத்துக்குப் பக்கத்துல எடம் விட்டிருக்கேன், பாத்தீங்களா? உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போட்டுக்குங்க. அவசரம் இல்லீங்க" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த வரைபடத்தின் நகல் ஒன்றை என் கையில் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை விரித்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீலக் கடல், என் அவசரக் கோடு, அதன் மேல் அவர் அடித்த சிவப்பு அடி, அவர் கையெழுத்து. பக்கத்தில் ஒரு விரல்கடை வெற்றிடம். இத்தனை வருடம் அது காலியாகவே கிடந்தது.

சுலைகா, இன்றைக்குப் போட்டுவிட்டேனுங்க.

அடித்தல் ஒன்று. தப்பு என்னுடையது.
பழனிச்சாமி, கிணத்துக்கடவு.