சம்பந்தி ஓட்டிவந்த மாடு

சர் ரானல்ஃப் வாள் பிடித்த நாளைவிட எலும்பு கடித்த நாள்தான் அதிகம். ஸ்காட்லாந்தின் எல்லைச் சீமையில் பெயருக்கு ஒரு கோபுர வீடு, மூச்சிரைக்கும் கிழட்டுக் குதிரை, ஒரே மகள் எலேனா, எல்லாருக்கும் மேலே மனைவி மரியோட்டா. அவ்வளவுதான் அவருடைய ராஜ்யம்.

மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மரியோட்டா ஒரு மூடிய தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நாக்கில் நீர் ஊறத் திறந்தார். உள்ளே, குதிரையை முடுக்கக் காலில் மாட்டும் குதிமுள். வீட்டில் கறி தீர்ந்துவிட்டது, போய் இங்கிலாந்துக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு வா என்று அந்தச் சீமைப் பெண்கள் வாய் திறக்காமல் சொல்லும் விதம் அது. முட்டி வலி என்று முனகிப் பார்த்தார். பலிக்கவில்லை. கறி விருந்து இல்லாவிட்டால் மகனைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சம்பந்தி சர் காஸ்பட்ரிக் ஊரறியச் சொல்லியிருந்தார். எலேனாவோ அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

வெளியே எதிரில் இருப்பது தெரியாத பனிமூட்டம். எல்லை ஆற்றைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்துவிட்டோம் என்று ரானல்ஃப் நினைத்தார்; குதிரையோ பாதியிலேயே திரும்பித் தன் கொட்டிலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. கைக்கு ஒரு மாடு தட்டுப்பட்டது. இறங்கி வாலைப் பிடித்தார். கொம்புப் பக்கம் வேறு யாரோ கயிற்றை இழுத்தார்கள்.

"எவன்டா அவன்?" என்றார் ரானல்ஃப்.

"நீ எவன்டா?... அட, சம்பந்தியா?"

காஸ்பட்ரிக்தான். அவர் வீட்டிலும் அன்று சாப்பாடு குதிமுள் போலிருக்கிறது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை. "கல்யாணச் சீரா உங்க வீட்டுக்குத்தான் ஓட்டிட்டு வரேன்" என்றார்.

ரானல்ஃப் குனிந்து பார்த்தார். காது கிழிந்த வெள்ளைப் பசு. அவருடைய சொந்தப் பசு, நின்றிருந்ததும் அவருடைய சொந்த மேய்ச்சல் நிலம். சம்பந்தியைத் திருடன் என்றால் கல்யாணம் நின்றுவிடும். தன் மாட்டைத் தானே திருட வந்ததாகச் சொன்னால் மானம் போய்விடும். உங்களை எதிர்கொண்டு அழைக்கத்தான் வந்தேன் என்று அசடு வழிந்து பசுவை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவர் அழாத குறையாகச் சொன்னதையெல்லாம் மரியோட்டா கேட்டுக்கொண்டாள். கறவை மாட்டை வெட்டுவாளா அவள்? கொட்டிலில் கட்டிப் பாலைக் கறந்தாள்.

மறுநாள் தேவாலய வாசலில் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது. விருந்தில் மூடிய தட்டு சம்பந்திக்குத்தான் முதலில் வந்தது. ஆசையாகத் திறந்தார். குதிமுள்.

மரியோட்டா அவர் காதோரம் குனிந்தாள். "நேத்து நீங்க ஓட்டிட்டு வந்தது நான் தினம் பால் கறக்கற மாடு, சம்பந்தி. உங்க சீர் மாடு இன்னும் வந்து சேரலையே."

காஸ்பட்ரிக் எழுந்துபோய், தம் கொட்டிலிலிருந்தே கொழுத்த காளைகளை ஓட்டிவந்தார். குதிமுள்ளை இன்னொருவர் தட்டில் பார்த்த சந்தோஷத்தில் ரானல்ஃப் அன்று எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.